அரைக் கிலோ பொன்மினுக்கம்

வேதியியலில் முதுகலை முடித்தவளுக்கு மின்விசிறியை அணைக்கத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் எலப்புள்ளிப் பக்கம் ஒரு சின்ன அழகுசாதனக் கம்பெனியில் ஆய்வக வேலை கிடைத்தது. வடகரப்பதியிலிருந்து பஸ் ஏறிப் போய்வருவேன். கண் இமையில் பூசுகிற ஷேடோவுக்கு முத்துப் பளபளப்புத் தரும் பொடியை நிறுத்துக் கலப்பதுதான் என் வேலை. சின்ன வயதில் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடுவோமே, அந்த மைக்காவையே சுரங்கத்தில் தோண்டாமல் உலையில் செயற்கையாக உருவாக்கி, நுணுக்கி, மெல்லிய பூச்சுக் கொடுத்தால் இந்தப் பொடி. சுண்டுவிரலில் பட்டால் மூன்று நாளைக்கு மினுங்கும். (சோறு சாப்பிட்டாலும் மினுங்கும்.)

நான் சேர்ந்த ஐந்தாவது மாதம், கொச்சியிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் அம்மா வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் ஆட்களைக் குறைப்பார்கள். கடைசியாகச் சேர்ந்த நான்தான் முதலில் வெளியே போவேன். அந்த அம்மா கேட்டிருந்தது வெள்ளி நிறம். எனக்கோ அதில் திருப்தியில்லை.

முதலாளி பிந்து மேடத்திடம் சொன்னேன். "மேடம், வெள்ளியப் பூசுனா நம்ம கலருக்குச் சாம்பல் பூசுனாப்புல இருக்குதுங்க. பொன் கலர்ல ஒண்ணு காட்டிப் பார்க்கலாமுங்களா?"

"கௌசல்யா, அவங்க கேட்டது வெள்ளி. கேட்டதைக் குடு. உன்னோட அபிப்பிராயம் அவங்க கேக்கலை."

நியாயம்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு அறிவைவிட நம்பிக்கை அதிகம். அவர் அந்தப் பக்கம் போனதும் மாஸ்க்கும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, திருட்டுத்தனமாகப் பொன் நிறப் பொடி அரைக் கிலோ பாக்கெட்டோடு எடை போடும் அறைக்குள் புகுந்தேன். கரண்ட் இல்லை. ஸ்டாண்ட் ஃபேன் என் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றிருந்தது. அதன் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன் போலும்.

பாக்கெட்டை அகலமாக வெட்டித் திறந்தேன். கரண்ட் வந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டது மட்டுமே அன்று நான் செய்த புத்திசாலித்தனம். தடவித் தடவி ஃபேனை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தால், தராசு தங்கம், கடிகாரம் தங்கம், 'சுத்தம் காக்கவும்' என்ற பலகையும் தங்கம். ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். கழுவக் கழுவ அது சீராகப் பரவி இன்னும் அழகானது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பிந்து மேடம். அவருக்குப் பின்னால் கொச்சி அம்மா.

மேடம் 'சுத்தம் காக்கவும்' பலகையை ஒருமுறை படித்தார். பிறகு மெதுவாக, "அந்த மாஸ்க்கை எடுத்துட்டுச் சொல்லு. என்ன இது?" என்றார்.

எடுத்தேன். மூக்குக்கு மேலே கோயில் கலசம். மூக்குக்குக் கீழே வழக்கமான கௌசல்யா. வேலை போய்விட்டது, சாயங்காலம் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

கொச்சி அம்மா கிட்டே வந்தார். அவரும் என்னைப்போல நல்ல கறுப்பு. "மோளே, ஒண்ணு வெயிலுக்கு வா" என்று முற்றத்துக்குக் கூட்டிப்போனார். என் நெற்றியைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். மேடம் கொடுத்திருந்த வெள்ளி நிற மாதிரிப் பொடியைத் தன் மணிக்கட்டில் தடவினார். சாம்பல். என் நெற்றியில் விரலைத் தேய்த்து அதன் பக்கத்திலேயே தடவினார். வெயிலில் அந்த இடம் தேன் ஊற்றியதுபோல ஒளிர்ந்தது.

"எனக்கு இது மதி" என்றார். இது போதும் என்று அர்த்தம். "பூசினதும் பூசாததும் ஒரே முகத்தில காட்டணும்னு யாரோட ஐடியா?"

பிந்து மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தானுங்க."

"ஆமா, ஒரு மாசமா இதுலதான் இருக்கா" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல். ஆர்டர் வெள்ளியிலிருந்து பொன்னுக்கு மாறியது, அளவு இரண்டு மடங்காக. வேலையும் நிரந்தரமானது. (அந்த அறையைத் துடைக்கும் வேலையும்தான். ஒன்பது நாள் ஆனது.)

வீட்டுக்குப் போன வேகத்தில், சந்தோஷம் தாங்காமல், தொழுவத்தில் நின்ற எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியோடு நெற்றி தேய்த்தேன். மறுநாள் காலையில் அது பொன் நெற்றியோடு பால் சொசைட்டி வழியாக மேய்ச்சலுக்குப் போக, அங்கே நின்றவர்கள் அப்பாவிடம் என்ன தீவனம் போடுகிறார் என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்று நான் அந்த ஆய்வகத்துக்கே பொறுப்பாளர். எங்கள் ஷேடைக் கல்யாணப் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள். அப்பாவோ எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் நடுவில் நிதானமாகச் சொல்வார்:

"எம்பட புள்ளைக்கு மொதக் கஸ்டமர் எங்க ஊட்டு எருமைதானுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை சொன்னதில்லைங்க."