குல்கர்ணி சாருக்குக் கோதுமை ஆகாது

மெயிலில் மொத்தம் மூன்றே வரிகள். முதல் இரண்டு வரிகள் கமலக்கண்ணனுக்கு நன்றாகவே புரிந்தன. நாளை வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து கஸ்டமர் கம்பெனி ஆட்கள் நாலு பேர் ஃபேக்டரியைத் தணிக்கை செய்ய வருகிறார்கள்; மதியச் சாப்பாடு போச்சம்பள்ளியில் நம் கேன்டீனிலேயே. மூன்றாவது வரிதான் ஆளை உட்கார வைத்துவிட்டது. 'நால்வரில் ஒருவருக்கு குளூட்டன் இல்லாத உணவு தேவை.'

யார் அந்த ஒருவர் என்று மெயில் சொல்லவில்லை. குளூட்டன் என்றால் என்னவென்றும் சொல்லவில்லை.

கமலக்கண்ணன் அட்மின் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மகள் ஸ்வாதியை இங்கே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாகிவிட்டது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மட்டும்தான் இன்னும் கைக்கு வரவில்லை. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், வந்த விருந்தாளிக்குக் காளான் வறுவல் கொடுத்து, அந்த விருந்தாளி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். நாற்காலிக்காரர் இப்போது குடோனில் அட்டைப்பெட்டி எண்ணுகிறார். நாளை வருகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் கமலக்கண்ணனுக்கு அந்தக் குடோன்கூடக் கிடைக்காது.

நேரே கேன்டீனுக்கு ஓடினான். சமையல் மாஸ்டர் வெங்கடப்பன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குந்தாரப்பள்ளிக்காரர், இருபது வருடமாக இதே அடுப்படி.

"மாஸ்டர், நம்ம சாப்பாட்டுல குளூட்டன் சேக்குறோமா?"

வெங்கடப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "சேச்சே! அந்த வேலையே நம்மகிட்ட கெடையாதுங்க சார். அஜினமோட்டோவையே நான் வந்தப்பறம் நிறுத்திட்டேன். எவன் சார் உங்ககிட்ட போட்டுக் குடுத்தது?"

"யாரும் போட்டுக் குடுக்கல. இருங்க, என்னன்னு பாக்குறேன்." கமலக்கண்ணன் ஃபோனில் தேடினான். "கோதுமையில இருக்குமாம். மைதா, ரவை, சேமியா எல்லாத்துலயும் இருக்குமாம். சில பேருக்கு அது துளி உள்ள போனாலும் குடல் புண்ணாயிடுமாம்."

வெங்கடப்பன் சுவரில் ஒட்டியிருந்த நாளைய மெனுவைப் பார்த்தார். "அப்ப சப்பாத்தி போச்சு. கேசரி போச்சு. சேமியா பாயாசம் போச்சு. மிச்சம் இருக்கறது தட்டும் டம்ளரும்தாங்க சார்."

"சோறு இருக்குல்ல?"

"சோறு இருக்குதுங்க. ஆனா சப்பாத்தி மெஷின் ஓடுனா மாவு இந்த ஹாலு பூரா பறக்கும். சோத்துமேல உக்காந்துதுன்னா என்னைக் கேக்கக்கூடாது."

மாஸ்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. கமலக்கண்ணன் யோசிக்காமல் நோட்டீஸ் எழுதி ஒட்டினான்: 'வியாழன் சப்பாத்தி கிடையாது.'

வாரம் முழுக்கச் சோறு தின்கிற நானூறு பேர் வியாழக்கிழமைச் சப்பாத்திக்காகத்தான் புதன்கிழமை வேலைக்கு வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பத்தே நிமிடத்தில் அசெம்பிளி லைனிலிருந்து சரிதா ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரோ ஒருத்தருக்கு ஆகலைன்னா நாங்க நானூறு பேரும் பத்தியம் இருக்கணுமா சார்?"

"ஒரு நாளைக்குத்தாம்மா."

"அப்ப குருமா?"

"குருமா உண்டு."

"குருமாவைச் சோத்துல ஊத்தியா தின்றது?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்து மனிதவள மேலாளர் தமிழ்செல்வியின் அறை. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கை அவருடையதுதான்.

"மேடம், அந்த ஒருத்தர் யாருன்னு பெங்களூருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடவா?"

"கேக்கறதா? கஸ்டமர்கிட்ட போயி, உங்கள்ல யாருக்கு வியாதின்னு கேப்பீங்களா?" தமிழ்செல்வி கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களே பேர் போடலைன்னா என்ன அர்த்தம்? வெளிய தெரியக் கூடாதுன்னு அர்த்தம்."

"அப்ப யாருக்குன்னு மேடம் பரிமாறறது?"

"இது ஒரு கேள்வியா? வைஸ் பிரசிடென்ட் குல்கர்ணி வர்றார். இந்த மாதிரியெல்லாம் அவரு லெவல்ல இருக்கறவங்களுக்குத்தான் வரும். உங்களுக்கோ எனக்கோ கோதுமை ஆகலைன்னா யாராச்சும் மெயில் போடுவாங்களா?"

கமலக்கண்ணன் யோசித்துப் பார்த்தான். தனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டில்கூட யாரும் கண்டுகொண்டதில்லை. மேடம் சொன்னது சரியாகத்தான் பட்டது.

"கேன்டீன் சமையல் வேணாம். வீட்ல செஞ்சு கொண்டு வாங்க. கடைசியில ரிச்சா ஒரு ஐட்டம் இருக்கட்டும், கேக் மாதிரி" என்றார் தமிழ்செல்வி.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி பொற்கொடி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "இம்புட்டுத்தானா? சோறு, சாம்பார், ரசம், அப்பளம். கோதுமை எங்க இருக்கு இதுல? பேசாம உக்காருங்க."

அவன் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கெட்ட நேரம், அலமாரியில் இருந்த டப்பாக்களை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தான். பெருங்காய டப்பாவில் கண் நின்றது.

"ஏய், இதுல பெருங்காயத்தை விட மைதா மாவுதான் அதிகம்னு போட்டிருக்கு!"

"பெருங்காயத்துலயா?"

"பெருங்காயத்துலதான்."

பொற்கொடி டப்பாவை வாங்கி விளக்கடியில் பிடித்துப் படித்தாள். முகம் மாறியது. "அப்ப சாம்பார்?"

"போச்சு."

"ரசம்?"

"போச்சு."

"ஊறுகா, அப்பளம்?"

"அதுலயும் பெருங்காயம்தான்."

"இந்த மனுசன் இத்தனை வருசமா என்னத்தைத் தின்னு உசுரோட இருக்காரு?" என்றாள் பொற்கொடி. குல்கர்ணி மேல் அவளுக்கு உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

மாடி வீட்டு வினோதா காய்ந்த துணிகளோடு இறங்கி வந்தவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். சாமல்பட்டிக்காரி. "ராகிக் களி கிண்டுங்க அக்கா. கீரையைக் கடைஞ்சு ஊத்துங்க. எங்க வீட்ல தெனமும் அதான். கோதுமைக்கு நாங்க எங்க போறது?"

"வைஸ் பிரசிடென்டுக்குக் களியா?" என்றான் கமலக்கண்ணன்.

"வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே அண்ணா."

வேறு வழி இல்லை. களி முடிவானது. கேக்கும் ராகி மாவில்தான் என்று முடிவானது. பொற்கொடி குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, நாட்டுச் சர்க்கரை போட்டு, முதல் கேக்கை வேக வைத்தாள். வாசனை தெருமுனை வரை போனது. கத்தியை வைத்ததும் கேக் மணலாக உதிர்ந்தது. ஸ்வாதி அதை ஸ்பூனால் அள்ளித் தின்றாள்.

"பிடிப்பு இல்ல. முட்டை ஊத்தினா நிக்கும்" என்றாள் பொற்கொடி. இரண்டாவது கேக் முட்டையோடு கம்பீரமாக எழுந்து நின்றது. அப்போதுதான், குல்கர்ணி முட்டை சாப்பிடுவாரா என்ற சந்தேகம் கமலக்கண்ணனுக்கு வந்தது. சந்தேகத்துக்கிடமான கேக் வினோதா வீட்டுக்கு மாடி ஏறியது.

மூன்றாவதில் முட்டைக்குப் பதில் வாழைப்பழமும் தயிரும் போட்டாள். டின்னைக் கவிழ்த்ததும் ஒரு பொட்டு ஒட்டாமல், வட்டமாக, பளபளவென்று வந்து விழுந்தது. கமலக்கண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எப்படி இம்புட்டு அழகா வந்துச்சு?"

"டின்னுல ரெண்டு சிட்டிகை மைதா தூவினேன். அப்பத்தானே ஒட்டாது" என்றாள் பொற்கொடி பெருமையாக. சொல்லி முடித்த பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காவது கேக் விடியற்காலையில், நெய் தடவிய வாழையிலைமேல் வெந்தது. அதையும் களியையும் புதிதாக வாங்கிய தூக்குச்சட்டிகளில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் கம்பெனி பஸ் ஏறினான். உட்கார இடம் கொடுத்த சரிதா, "சப்பாத்திங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பத்தரை மணிக்குப் பெங்களூர் கார் வந்தது. குல்கர்ணி இறங்கினார், நரைத்த தலை, நல்ல உயரம். கூடவே தர்ஷினி என்ற இளம் இன்ஜினியரும் மாதவன் என்ற தணிக்கை ஆளும் இறங்கினார்கள். மெயிலில் நாலு பேர், வந்தது மூன்று பேர். நாலாமவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார் போலிருக்கிறது, ஒரு தட்டு மிச்சம் என்று கமலக்கண்ணன் நினைத்துக்கொண்டான்.

மதியம் மற்ற இருவருக்கும் வெளியிலிருந்து வரவழைத்த பிரியாணியும் பரோட்டாவும் பரிமாறப்பட்டன. மாவு பறந்துவிடக் கூடாதென்று குல்கர்ணிக்கு மட்டும் ஜன்னலோரம் தனி மேஜை, புதுத் தட்டு. தட்டில் கறுப்பாக ஒரு உருண்டைக் களி.

குல்கர்ணி களியைப் பார்த்தார். தூரத்துப் பரோட்டாவைப் பார்த்தார். "முத்தே!" என்றார்; களியைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெங்களூர்க்காரர் என்றாலும் ஓசூர்ப் பக்கம் பல வருடம் அலைந்ததில் தமிழ் பழகியவர். "நம்ம ஊர் முத்தே. நல்லது. ஆனா எனக்கு மட்டும் ஏன்?"

"உங்க உடம்புக்காகத்தான் சார்" என்றான் கமலக்கண்ணன் ரகசியக் குரலில்.

"என் உடம்புக்கு என்ன?"

"உங்க ஆபீஸ்லேருந்தே மெயில் வந்துச்சு சார். நாங்க யார்கிட்டயும் சொல்லல."

குல்கர்ணியின் முகம் வெளுத்தது. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்: "எனக்குச் சுகர் இருக்கறது ஆபீஸுக்குத் தெரியுமா?"

சுகரா? சுகரும் உண்டா? அது மெயிலில் இல்லையே! நாட்டுச் சர்க்கரையும் வாழைப்பழமும் போட்ட கேக் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கமலக்கண்ணன் பாய்ந்து போய்த் தட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினான். தர்ஷினியும் மாதவனும் பரோட்டாவைப் பிய்த்த கையோடு அவனையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி முனீஸ்வரன்.

"சார், டிரைவருக்குப் பரோட்டா குடுத்தேன், வேணாங்கறாருங்க."

"பன்னு குடுங்க, பிஸ்கட் குடுங்க. எனக்கு இங்க உயிர் போகுது!" என்று ஃபோனை வைத்தான்.

குல்கர்ணி தலை குனிந்து களி முழுவதையும் கீரையில் தோய்த்து விழுங்கினார். மதியம் முழுக்கக் கமலக்கண்ணன் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தான். அவர் ஒருமுறை இருமியதற்கு இவனுக்கு வியர்த்தது. அவரோ ஒன்றும் ஆகாமல், நாலு மணிக்குத் தணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கமலக்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்ல கூட இவ்வளவு பார்த்துச் செய்யல. தேங்க்ஸ்."

பக்கத்தில் நின்ற தமிழ்செல்வியின் முகம் பூரித்துவிட்டது. "திங்கக்கிழமை வந்து லெட்டரை வாங்கிக்கோங்க" என்றார் மெதுவாக. கமலக்கண்ணனுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. பொற்கொடிக்கு உடனே ஃபோன் போட வேண்டும் என்றிருந்தது.

விருந்தாளிகள் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் காருக்குப் போனான். எல்லாம் நல்லபடியாக முடிந்த வேளையில் டிரைவர் மட்டும் பெங்களூர் போய் எதையாவது குறை சொல்லி வைத்துவிடக் கூடாதே. டிரைவர் ஆஞ்சப்பன், ஐம்பது வயதிருக்கும், சோர்ந்து போய்க் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். சீட்டில் இரண்டு வாழைப்பழத் தோல்கள் கிடந்தன.

"என்னங்க, காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடலையாமே? எங்க கேன்டீன் சாப்பாடு பிடிக்கலையா?"

ஆஞ்சப்பன் பதறிப்போய் நிமிர்ந்து நின்றார். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க சார்... எனக்குக் கோதுமை, மைதா ஆகாது, அதை ஆபீஸ்ல நேத்தே மெயில்ல எழுதிட்டோம்னு சொன்னாங்களே, உங்களுக்கு வரலீங்களா?"