பதினொன்றுக்கு ஒன்பதில் ஒரு ஸ்டுடியோ

இந்த வருஷக் கடைசி விடுமுறையில் பத்து நாளும் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்கியே தீருவது என்று திரைச்சீலைக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். பெரிய சபதம் ஒன்றுமில்லை. வீட்டின் பின்பக்கம் பதினொன்றுக்கு ஒன்பது அடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, சுவரோரம் கடையிலிருந்து கொண்டுவந்த துணி மாதிரிகள். வருஷம் முழுக்க ஊரார் வீட்டு ஜன்னல்களை அளந்து திரை மாட்டுகிற மனுஷனுக்கு, தன் வீட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுக்க உரிமை இல்லையா?

உரிமை இருந்தது. தூக்கம்தான் இல்லை. காரணம், மனைவியின் தம்பி. விடுமுறை பிறந்ததும் ஒரு தோள்பையும் ஒரு சாக்ஸபோனுமாக வந்து இறங்கிவிடுவான். அவன் குடியிருப்பது ஒரு மொட்டைமாடி அறை. அங்கே வாசித்துப் பதிவு செய்தால் கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுவது போல எதிரொலிக்கிறதாம். அதனால் அக்கா வீட்டுச் சின்ன அறையில், அத்தான் கட்டிலின் மேலேயே உட்கார்ந்து, மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பிப்பான். ஒரே வரியை முப்பது தடவை. போன வருஷம் அந்த வரி திரைச்சீலைக்காரருக்கே மனப்பாடமாகி, குளிக்கும்போது வாயில் வந்து தொலைத்தது.

ஆகவே அவர் ஒரு திட்டம் போட்டார். பதிவு செய்கிற சாமான் மொத்தத்தையும் மச்சினனுக்கே பரிசாகக் கொடுத்துவிடுவது. எதிரொலியை விழுங்குகிற பலகைகள் உட்பட. அப்புறம் அவனுக்கு இங்கே என்ன வேலை?

துணி மடித்தபடி ஏதோ பாடிக்கொண்டிருந்த மனைவியிடம் போனார்.

"அந்த முணுமுணுப்பைக் கொஞ்சம் நிறுத்திட்டுக் கேளு. உன் தம்பிக்கு விடுமுறைக்கு ஒரு பரிசு குடுக்கலாம்னு இருக்கேன்."

"என்ன பரிசு?"

"ஸ்டுடியோ. வீட்டுலயே வெச்சுப் பதிவு பண்ற சாமான். முழு செட்டு."

"என்ன திடீர்னு?"

"கலைஞன் இல்லையா? நாமளே ஆதரிக்கலேன்னா எப்படி?"

மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்தாள். காலரைத் தடவிவிட்டாள்.

"நல்ல யோசனைங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்ன எந்த யோசனையையும் அவள் நல்ல யோசனை என்று சொன்னதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இசைச் சாமான் கடைக்குக் கிளம்பினார்.

தன் கடையில் அவர் ராஜா. ஒரு திரை வேண்டும் என்று அப்பாவியாக வருகிறவர்களை, சுருக்கு ஒன்றா இரண்டா, உள்பக்கம் அஸ்தர் துணி வேண்டுமா வேண்டாமா, வளையமா கொக்கியா என்று கேட்டே திணறடிப்பவர். இங்கே கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண் அதே வேலையை அவருக்குச் செய்தாள்.

"மைக் கண்டென்ஸரா சார், டைனமிக்கா?"

"நல்லதா ஒண்ணு."

"ரெண்டும் நல்லதுதான் சார். இன்டர்ஃபேஸ் இருக்கா?"

"எனக்கா?"

"வாங்கிக்கப் போறவருக்கு."

மச்சினனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இருப்பது தெரியும். இது இருப்பதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. "அதெல்லாம் இல்லம்மா, ஆரோக்கியமான பையன்" என்றார்.

கடைக்காரப் பெண் சிரிக்காமல் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டியாம். "மானிட்டர் எத்தனை இஞ்ச் பாக்கலாம்?"

"அவன்கிட்ட கம்ப்யூட்டர் திரையோட இருக்கு."

"இந்த மானிட்டர் ஸ்பீக்கர் சார்."

"அப்போ ஸ்பீக்கருக்கு என்ன பேரு?"

"அதுவும் ஸ்பீக்கர்தான். ஆனா அது இனிமையாக் காட்டும். இது தப்பைத் தப்புன்னு அப்படியே சொல்லிடும்."

"அப்படி ஒண்ணு எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கு" என்றார் திரைச்சீலைக்காரர். ஆனாலும் இரண்டு வாங்கினார். ஹெட்ஃபோனில் காது மூடியது, மூடாதது என்று இரண்டு வகை வந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. மூடாத ஹெட்ஃபோனை எதற்குக் காதில் மாட்ட வேண்டும்? கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் அவள் பதில் சொல்லுவாள். அந்தப் பதிலில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கும்.

"வாத்தியத்துக்கு மட்டும் போதுமா சார், குரலுக்கும் வேணுமா?"

இதற்கு மேல் தாங்காது என்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"குரலுக்கும் வேணுமான்னு கேக்குறாங்க."

"ரெண்டுக்கும் ஆகுறதா வாங்கிடுங்க" என்றாள் மனைவி.

"மைக் முன்னாடி வெக்க ஒரு வலை வட்டம் காட்டுறாங்க. பாடும்போது மூச்சுக்காத்தைத் தடுக்குமாம். சாக்ஸபோனுக்கு எதுக்கு?"

"இருக்கட்டுங்க. ஒரு பேச்சுக்கு அவன் பாடினா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. அதற்குள் கடைக்காரப் பெண் எதிரொலிப் பலகைகளைக் கொண்டுவந்தாள். "இது ரூமுக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தருவோம். அளவு இருக்கா சார்?"

அளவு! அந்தக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் முறையாக அவருக்குப் புரிந்த வார்த்தை. மச்சினன் அறையை அவர் வாசலோடு பார்த்ததுதான், உள்ளே போனதில்லை. ஆனால் அளவு தெரியாது என்று சொல்லுவதா? இருபத்தைந்து வருஷத் தொழில் என்னாவது? வாய் தானாகத் திறந்து, கண்ணை மூடினாலும் தெரிகிற ஒரே அறையின் கணக்கை ஒப்பித்தது. பதினொன்றுக்கு ஒன்பது. தெற்குச் சுவரில் நாலுக்கு மூன்றரை ஜன்னல். கதவிலிருந்து ஏழு இஞ்ச் தள்ளி சுவிட்ச் பலகை. பீரோவுக்குப் பின்னால் சுவர் அரை இஞ்ச் வெளியே தள்ளியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு துல்லியமா யாரும் சொன்னதில்லை சார்" என்றாள் அந்தப் பெண். அவருக்குக் காது வரை பெருமை.

போன் இன்னும் அணையாமல்தான் இருந்தது. "யாரோட ரூம் அளவுங்க அது?" என்றாள் மனைவி.

"நம்மளுதுதான். ரூம்னா எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதானே?"

"சரியாத்தான் குடுத்திருக்கீங்க" என்றாள்.

அடுத்த நாலு நாளும் கடை வேலையில் அவர் அந்தப் பின்பக்க அறையை எட்டிப் பார்க்கவில்லை. விடுமுறையின் முதல் நாள் காலை சாமான்கள் வந்தன. பின்னாலேயே மச்சினனும் வந்தான். பரிசைப் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டது. "அத்தான், எனக்கா இதெல்லாம்?" என்று காலில் விழப் போனான். திரைச்சீலைக்காரரும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனார். ஆனாலும் மணியைப் பார்த்துக்கொண்டார். பதினொன்று. வண்டி பிடித்து அனுப்பினால் ஒரு மணிக்குள் கட்டிலில் சாய்ந்துவிடலாம்.

மச்சினன் பலகைகளைப் பிரித்தான். ஒன்றில் ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தது. இன்னொன்றில் சுவிட்சுக்குச் சதுரமாக ஓட்டை.

"அத்தான், என் ரூம்ல ஜன்னலே கிடையாது. கூரை வேற சரிவு. இது எப்படி ஒட்டும்?"

"கடையில மாத்திக்கலாம்."

"வெட்டினதைத் திருப்பி எடுக்க மாட்டாங்க அத்தான். பில்லுலயே போட்டிருக்கு."

தன் கடைப் பில்லிலும் அதே வரிதான் இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்தது. அதைக் காட்டி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அதனால என்ன, இங்கேயே மாட்டிடலாம். அப்படியே உட்காரும்" என்றாள் மனைவி. உட்கார்ந்தது. அரை இஞ்ச் புடைப்பில்கூட இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கூடத்தில் நின்ற திரைச்சீலைக்காரருக்கு வேலை சுத்தமாக இருப்பதை நினைத்துப் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளேயிருந்து சாக்ஸபோன் கேட்டது. அதோடு ஒரு குரல். ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் மனைவி மேடையில் பாடிக்கொண்டிருந்தவள் என்று மாமனார் சொன்னது ஞாபகம் வந்தது. குக்கர் சத்தத்துக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் நடுவே பத்தொன்பது வருஷமாக அவர் முணுமுணுப்பு என்று நினைத்தது இதைத்தானா? நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பாவம், பாடட்டும். கட்டில் ஒரு ஓரமாகத்தானே கிடக்கிறது, இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டால் போயிற்று.

தலையணையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். தன் உயரத்துக்குச் சரியாக நிறுத்திய மைக்குக்கு முன்னால் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் மச்சினன். கட்டில் கிடந்த இடத்தில் மானிட்டர்கள்.

"கட்டில் எங்கே?"

"பக்கத்து வீட்டுல விருந்தாளிங்க வராங்கன்னு கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"எப்போ?"

மனைவி ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் தூக்கினாள்.

"நீங்க போன்ல அளவு சொல்லி முடிச்சதும். கதவைச் சாத்திட்டுப் போங்க, நீங்க மூச்சு விடுறது பாட்டுல விழுது."