உதட்டில் வைத்த விரல்

கந்தளாயைத் தாண்டி இரண்டு மைல் வருவதற்குள் பஸ்ஸின் அச்சு முறிந்தது.

"இனி எப்ப வெளிக்கிடும்?" என்று ஞானசேகரம் கேட்டான்.

"அச்சு வந்தால் வெளிக்கிடும்," என்றார் கொண்டக்டர். "அச்சு கண்டியிலை கிடக்கு."

பதுளையிலிருந்து முதல்நாள் காலை புறப்பட்டவன் அவன். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் லிகிதர் வேலையை விட்டு, திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியிலுள்ள வீட்டுக்கே திரும்பிவிட ஒரே வழி, திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் நடக்கும் நேர்முகப் பரீட்சைதான். 'வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி' என்று நாட்குறிப்பில் மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தான். இன்று வியாழன். மணி பத்தரை.

கொண்டக்டர் இரக்கப்பட்டுக் குளத்துப் பக்கம் கை காட்டினார். "அங்கை பெனடிக்ற் சபைக் கத்தோலிக்கச் சாமிமாரின்ரை மடம் இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவையின்ரை பால் வான் திருகோணமலைக்குப் போகும். கேட்டுப் பாருங்கோ தம்பி."

கேட்பதில்தான் சிக்கல். இந்தத் துறவிகள் மௌனம் காப்பவர்கள் என்று, தான் படித்த மாலை வகுப்பில் வல்லிபுரம் மாஸ்டர் சொன்னதை அவன் குறித்து வைத்திருந்தான். மடத்து வாசற் படலையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கைகளை விரித்து வாயைத் திறந்தார். தன்னால் அவருடைய ஒழுங்கு கெடக்கூடாதென்று ஞானசேகரம் அவசரமாக உதட்டில் விரலை வைத்துத் தலைகுனிந்தான். துறவி அவனுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கதிரை தந்தார்கள். தேநீர் தந்தார்கள். வானைத்தான் காணவில்லை. அவன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைச் சுற்றுவதுபோல் காட்டினான். தாடிக்காரரின் முகம் மலர்ந்தது. குசினிக்குக் கூட்டிப்போய்த் திரிகையின் முன்னே இருத்தினார். அரைக் கொத்து உளுந்து உடைத்து முடித்தான்.

எழுதிக் காட்டலாமென்று பென்சிலை எடுத்தான். எழுத்தும் ஒருவகையில் பேச்சுத்தானே என்ற ஐயம் வந்தது. பென்சிலைத் திரும்பப் பையில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டி, வெளியே காட்டினான். மணிக்கோபுரத்துக்குக் கூட்டிப்போய் மணிக்கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். மறுக்கத் தெரியாமல் இழுத்தான். வயலிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் துறவிகள் ஓடிவந்தார்கள். நடுப்பகல் செபம் அரை மணி முன்னதாகவே தொடங்கிற்று.

கடவுளுக்கு மட்டும் குரலெடுத்துப் பாடினார்கள். அவன் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். யன்னலால் குளத்துக் காற்று வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் எதையும் பிழையாகச் சொல்லிவிட முடியாத ஓரிடத்தில் இருப்பதாகத் தோன்றியது. நேர்முகம் மட்டும் இல்லாவிட்டால் ஒரு கிழமை தங்கியிருப்பான்.

சாப்பாட்டு மேசையில் அவனைத் தவிரப் பதினொரு துறவிகள். இளம் துறவி ஒருவர் மூன்று தடவை எதையோ சொல்ல வாயெடுத்தார். மூன்று தடவையும் மடத்துத் தலைவர் தலையசைத்துத் தடுத்தார். தயிர் போதுமென்று ஞானசேகரம் ஐந்து விரல்களையும் விரித்தான். ஐந்து கரண்டி தயிர் விழுந்தது.

ஒன்றேமுக்காலுக்குக் கொட்டிலின் பின்னால் வான் உறுமியது. பையிலிருந்த நேர்முகக் கடிதம் நினைவுக்கு வந்தது. அது தன் பேச்சல்ல, அரசாங்கத்தின் பேச்சு. எடுத்துத் தலைவரின் முன்னே வைத்தான்.

வாசித்தவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார். பதினொரு துறவிகளும் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி, சத்தமேயில்லாமல், கைகளை வீசிக்கொண்டு வானின் பின்னே ஓடினார்கள். வான் நின்றதும் தலைவர் ஒரு துண்டில் எதையோ கிறுக்கிச் சாரதியிடம் நீட்டினார். யாரோ ஞானசேகரத்தை ஏற்றிவிட, இன்னொருவர் அவன் உடைத்த உளுந்தில் ஒரு பொதியை மடியில் வைத்தார்.

சாரதி சரீப் கிண்ணியாக்காரர். தம்பலகாமம் தாண்டியும் ஒரு சொல் பேசவில்லை. மடத்து வான் ஓடினால் இப்படித்தான் ஆகிவிடும்போலும் என்று ஞானசேகரம் நினைத்துக்கொண்டான்.

கந்தோர் வாசலில் இறங்கும்போது மூன்றுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"பெரிய உதவி, நானா," என்றான்.

சரீப் அவனையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்து ஒருமுறை வாசித்துக்கொண்டார்.

"நீங்க கதைப்பீங்களா தம்பி? இவர் மௌன விரதக்காரர், வழியில கதை குடுக்காதேயெண்டு பெரிய சாமி இதில எழுதித் தந்திருக்கிறார்; கிழமையில வியாழன் ஒருநாள்தான் அவங்க சாப்பாட்டு மேசையில கதைக்கிறது, பாவம், அதையும் உங்களுக்காக விட்டுட்டாங்க."