நான் தனி ஆபீஸ் போட்ட கதை

முடிவெடுத்துவிட்டேன். இனிமேல் வீட்டில் வீடு மட்டும்தான். ஆபீஸ் ஆபீஸில்தான்.

இந்த முடிவைக் குளியலறையில் எடுத்தேன், குழாயைத் திறந்துவிட்டு. எங்கள் வீட்டில் உறுதியான முடிவுகள் எடுக்க அதை விட்டால் வேறு இடம் கிடையாது. தண்ணீர் கொட்டும் சத்தத்தில் நான் யோசிப்பது மனைவிக்குக் கேட்காது.

"என்னங்க, தண்ணியைத் திறந்து விட்டுட்டு அப்படி என்ன யோசனை?"

கேட்காது என்றுதான் நினைத்தேன்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் வடிவமைப்பேன், விளம்பர வீடியோ எடுப்பேன். பல் டாக்டர், டியூஷன் சென்டர், மெத்தைக் கடை என்று வாடிக்கையாளர்கள் உண்டு. நிறுவனம் பெரிது. எங்கள் சொந்த வெப்சைட்டில் 'எங்கள் குழு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஐந்து பேர். கண்ணாடி போட்டவர் இயக்குநர். கண்ணாடி போடாதவர் வடிவமைப்பாளர். தொப்பி வைத்தவர் ஒளிப்பதிவாளர். தாடிக்காரர் எடிட்டர். பக்கவாட்டில் திரும்பி ஆகாயத்தைப் பார்ப்பவர் வாடிக்கையாளர் சேவை.

ஐந்து பேரும் நான்தான். அந்தத் தாடிக்காக நாள் கணக்கில் சவரம் செய்யாமல் காத்திருந்தேன். தொழிலில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

அடுத்த பக்கம், 'எங்கள் உபகரணங்கள்'. கேமரா, மைக், விளக்கு, ட்ரைபாட். அந்தப் பக்கத்தில் பொய்யே கிடையாது.

இத்தனை பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கள் ஹாலின் ஜன்னல் ஓரத்தில், குழந்தைத் துணி காயும் கொடிக்குக் கீழே இருந்தது. வெயில் நாட்களில் சிரமமில்லை. மழை நாட்களில் கீபோர்டில் சொட்டும்.

எங்கள் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆனால் என் தொழிலைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் தன் வீடியோவுக்குக் குரல் கொடுக்க எங்கள் ஹாலுக்கு வந்தார். "எங்களிடம் வந்தால் வலி என்பதே இருக்காது" என்று அவர் சொன்ன அதே நொடியில், உள்ளறையிலிருந்து ஊரைக் கூட்டும் ஒரு வீறிடல். டாக்டர் வெலவெலத்துப் போனார்.

குழந்தையைக்கூடச் சமாளித்துவிடலாம். அவள் அம்மாவின் பயத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்."

"மீட்டிங்ல இருக்கேன்மா."

"பாப்பா தும்மிட்டா."

"தும்மட்டும்."

"மறுபடியும் தும்மிட்டா."

"குழந்தைன்னா தும்மும்மா."

நான் மீட்டிங்குக்குத் திரும்பினேன்.

"என்னங்க, இப்ப தும்மவே மாட்டேங்கிறா. வந்து பாருங்களேன்!"

போய்ப் பார்ப்பேன். எங்கள் நிறுவனத்தின் உண்மையான எம்.டி.யான என் மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். அதற்குள் மீட்டிங்கில் இருந்தவர் போய்விட்டிருப்பார்.

அதனால்தான் அந்த முடிவு. இரண்டு தெரு தள்ளி ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. போய்ப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே அப்படி ஓர் அமைதி. என் காதுகள் இரண்டும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன. கீழே கடைக்காரரிடம் அப்போதே சாவியை வாங்கிவிட்டேன். கொண்டுவந்து ட்ரைபாட் பைக்குள் ஒளித்துவைத்தேன். அதை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது? 'உன் பயம் தாங்காமல் ஓடுகிறேன்' என்று சொல்ல நான் கல்நெஞ்சன் இல்லை. தைரியசாலியும் இல்லை. ஆகவே பழியை மெத்தைக் கடைக்காரர் தலையில் போட்டேன். அப்போது என் கையில் இருந்ததிலேயே பெரிய வேலை அவருடையதுதான். வெப்சைட்டும் வேண்டும், கடையில் இருக்கும் ஒவ்வொரு ரக மெத்தைக்கும் ஒரு வீடியோவும் வேண்டும். அது கை நழுவினால் தலைமை அலுவலகத்தில் துணி மட்டும்தான் காயும்.

"மெத்தைக் கடை அண்ணன் ஒரு கண்டிஷன் போட்டுட்டார்மா" என்றேன், குரலில் சோகத்தைக் குழைத்து. "வீட்டுல வெச்சுப் பண்ற வேலை வேணாமாம். தனி ஆபீஸ் இருந்தாத்தான் ஆர்டராம்."

அவள் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எப்பப் போவீங்க?"

"காலையில."

"எப்ப வருவீங்க?"

"வேலை முடிஞ்சதும்."

"உங்க வேலை என்னிக்கு முடிஞ்சிருக்கு?"

நான் கொடியில் தொங்கிய துணியை ரசித்தேன்.

"பாப்பாவுக்கு ஏதாவதுன்னா?"

"ஒரு போன் பண்ணு. ஓடி வந்துடறேன்."

"ரெண்டு கையாலயும் பாப்பாவைப் பிடிச்சிட்டிருப்பேன். எந்தக் கையால போன் பண்றது?"

மனசுக்குள் அவசரக் குழுக் கூட்டம் போட்டேன். ஐந்து பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

அவளே மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "அண்ணனே சொன்னாரா?"

"அவர் வாயாலயே."

"அவரே வீட்டுல வெச்சுப் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா?"

"ஓர் அடி நகர மாட்டேன். கிளையன்ட் சொல்றதுதான் நமக்குச் சட்டம்."

"சட்டம்?"

"சட்டம்!"

நாம் சொன்ன வார்த்தையையே மனைவி திருப்பிக் கேட்டால் புத்தியுள்ள கணவன் உஷாராகிவிடுவான். நான் தீர்ப்பு வாசித்த நீதிபதி மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீடியோவில் எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பேச்சின் நீளம்தான் முடிவு செய்யும். அதனால் முதலில் வீட்டிலேயே யாராவது வசனத்தைச் சும்மா வாசித்துப் பதிவு செய்வோம். அந்த அளவுக்குக் காட்சிகளை வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அதைத் தூக்கி எறிந்து நிஜக் குரல் கலைஞரை வைத்துப் பேசவைப்போம். எங்கள் கலைஞருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இடி. வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

சும்மா வாசிக்கும் வேலை என் மனைவிக்கு. அவள் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். விளக்கணைத்த பிறகு பக்கத்துக் கட்டில் தோழிக்குக் கதை வாசித்துப் பழகியவள். தோழிக்குக் கேட்க வேண்டும். வராந்தாவில் நடக்கும் சிஸ்டருக்குக் கேட்கக் கூடாது. அந்த அளவில் அவள் குரல் நின்றுவிட்டது. போதாததற்கு, படுக்கையறையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசித்தாள். நான் எழுதியிருந்தது, 'மலையே விழுந்தாலும் அசையாது எங்கள் மெத்தை!' அவள் வாயில் அது, "மலையே... விழுந்தாலும்... ச்சு ச்சு... அசையாதுடா கண்ணு..." என்று வந்தது.

எப்படியும் எறியப்போவதுதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் இடி வந்து முழங்கிவிட்டுப் போனார். கம்பீரம்! மெத்தை மேல் யாரோ போர் தொடுப்பது போலிருந்தது.

அன்று மாலை வீடியோவை அனுப்ப வேண்டும். உட்காரப் போனேன்.

"இவளைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். தோளில் விழுந்ததும் தூங்கிவிட்டாள்.

"அசையாதீங்க! இன்னிக்குப் பூரா இப்பத்தான் தூங்கறா. நானே அனுப்பிடறேன். எந்த ஃபைல்?"

தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முடிந்த வேலைக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைப்போம். கிளையன்ட் ஒரு திருத்தம் சொல்வார். 'புது ஃபைனல்' பிறக்கும். அப்புறம் 'கடைசி ஃபைனல்'. அப்புறம்...

"'சத்தியமா கடைசி ஃபைனல்'னு இருக்கும் பாரு, இடி பேசினது, அது" என்று கிசுகிசுத்தேன்.

"'கடைசி ஃபைனல்'தானே?"

"இல்ல, இல்ல. 'சத்தியமா'."

"அதான் நானும் சொல்றேன். போயிடுச்சு."

திரை அவளுக்கு எதிரே இருந்தது. எனக்கு எதிரே சுவர் இருந்தது.

மறுநாள் காலை கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள். எம்.டி.யைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்தால், மெத்தைக் கடைக்காரர். வழக்கமாகத் தெருமுனையில் வரும்போதே குரல் கொடுப்பவர். இன்று நோயாளியைப் பார்க்க வந்தவர் போலப் பூனை நடை நடந்தார்.

"தம்பி" என்றார் ரகசியமாக. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார்.

"மலையே... விழுந்தாலும்... ச்சு ச்சு..."

வீடியோ தொடர்ந்தது. "என்னங்க, ஃபேனைக் குறைங்க" என்றது என் மனைவியின் குரல். "குறைச்சாச்சு" என்றது என் குரல். திரையில் மெத்தை மட்டும் கம்பீரமாகக் கிடந்தது.

"அண்ணே, அது தப்பான ஃபைல்ணே. சரியானது வேற இருக்கு, இடி மாதிரி..."

"பேசாதே. கேளு. கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது. ஊருக்கெல்லாம் மெத்தை விக்கிறேன், நான் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். நேத்து இதைப் போட்டேன். உட்கார்ந்த இடத்துலயே தூங்கிட்டேன். சாப்பிடக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரி, என்னதான் ஓடுதுன்னு நின்னு கேட்டிருக்கா. அவளும் தூங்கிட்டா. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது, கருகுன வாசம் வந்துதான் எழுந்தோம். அப்புறமும் அவ என்ன சொன்னா தெரியுமா? 'மறுபடி போடுங்க'ன்னா!"

அப்போது என் மனைவி டீயோடு வந்தாள். "வாங்கண்ணே."

அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இதான்! இந்தக் குரல்தான்! தங்கச்சியா பேசினது? எல்லா மெத்தைக்கும் தங்கச்சியே பேசணும்."

"பேசலாம்ணே" என்றாள் அவள் பணிவாக. "ஆனா, தனி ஆபீஸ் இருந்தாத்தான் ஆர்டர்னு நீங்க கண்டிஷன் போட்டீங்களாமே? அவ்வளவு தூரம் பாப்பாவைத் தூக்கிட்டு என்னால வர முடியாதேண்ணே."

"கண்டிஷனா? நானா?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். என் தோளிலிருந்து எம்.டி.யும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். டீ நன்றாக இருக்கிறது என்றேன். என் கையில் டீ இல்லை.

"இவருக்கு வேலை ஜாஸ்திண்ணே" என்று அவளே கைகொடுத்தாள். "வேற யாரோ சொன்னதை நீங்க சொன்னதா நினைச்சிருப்பாரு."

"அதானே! தம்பி, நல்லாக் கேட்டுக்க. கண்டிஷன்னா இப்ப போடறேன். இந்த மைக்கு இந்த வீட்டை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. நகர்ந்தா ஆர்டர் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? சட்டம்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "தெரிஞ்சேதான் அந்த ஃபைலை அனுப்பினியா?"

"எந்த ஃபைல்? எல்லாத்துக்கும் ஃபைனல்னு பேர் வெச்சா நான் எதைக் கண்டேன்?"

"நான் சத்தியமான்னு சொன்னேனே!"

"உங்க சத்தியத்தை நம்பச் சொல்றீங்களா? ட்ரைபாட் பையில சாவி இருந்தது."

நான் மெல்ல உட்கார்ந்தேன்.

"பாப்பாவோட கிலுகிலுப்பையைக் காணோம்னு தேடினேன். அந்தப் பை கிலுகிலுன்னுச்சு. நீங்க அண்ணன் கண்டிஷன் போட்டார்னு சொல்றதுக்கு முன்னாடியே பாப்பா அந்தச் சாவியை வெச்சு விளையாடிட்டா." உடனே சேர்த்துக்கொண்டாள், "வெந்நீர்ல போட்டுக் கழுவிட்டுத்தான் குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் குழந்தையின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. இவ தூங்கினா, ஏன் இன்னும் எழுந்திருக்கலைன்னு பயம். எழுந்தா, ஏன் தூங்க மாட்டேங்கிறான்னு பயம். நீங்க வந்து ஒண்ணும் பண்ண வேணாம். அந்த மூலையில உட்கார்ந்து டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டிருங்க. அந்தச் சத்தம் கேட்டாப் போதும்."

அன்றே போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இவ்வளவு பளபளப்பாக எந்தச் சாவியும் திரும்பி வந்ததில்லை என்றார் அந்த ஆணிக் கடைக்காரர்.

இப்போது எங்கள் படுக்கையறைதான் ஸ்டுடியோ. அவள் வாசிக்கிறாள். என் தோளில் போட்டிருந்தால்தான் எம்.டி. தூங்குகிறாள், ஆகவே நான் சுவரோரமாக அசையாமல் நிற்கிறேன். இயக்குநர் 'ஆக்‌ஷன்' என்பதைக் கண்ணால் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி. பல் டாக்டரும் பழைய வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தக் குரல்தான் வேண்டும் என்கிறார். நோயாளிகள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டால் அவருக்கு வேலை சுலபமாம். நேற்று நடுப் பதிவில் பாப்பா தும்மினாள். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். அடுத்த வரியை வாசிக்கப் போய்விட்டாள்.

இப்படி ஒரு குரல் இருப்பதை வெப்சைட்டில் போட வேண்டாமா? 'எங்கள் குழு'வில் அவள் படத்தைச் சேர்க்க நினைத்தேன். இடமில்லாவிட்டால் தொப்பிக்காரரை அனுப்பிவிடலாம். பக்கத்தைத் திறந்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டே பேர். தலைமைக் குரல், என் மனைவி. தரக் கட்டுப்பாடு, என் மகள்.

"என்னம்மா இது? அஞ்சு பேரையும் வேலையை விட்டு அனுப்பிட்டியா?"

"யாரையும் அனுப்பலைங்க. படம் மாத்தறது எப்படின்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? அடுத்த பக்கம் பாருங்க, இருக்கீங்க."

அடுத்த பக்கம் போனேன். 'எங்கள் உபகரணங்கள்'. கேமரா, மைக், விளக்கு, ட்ரைபாட். ட்ரைபாடுக்குப் பக்கத்தில், தோளில் குழந்தையோடு, நான்.