யாரைப் பார்க்க வந்தீங்க?

அந்த முதல் நாள் நவம்பரா மார்ச்சா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. ஓனொதெரா முகக்கவசம் போட்டிருந்தார் என்பது நினைவிருக்கிறது. ஆனால் தோக்கியோவில் எந்த மாதத்திலும் லேசாகத் தும்மினவர்கள்கூடப் போட்டிருப்பார்கள்.

கோயென்ஜியில் நிலத்தடி இசைக்கூடம் ஒன்றின் வாசலில் மாக்கி டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டாள்:

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

அங்கே எல்லோரையும் கேட்பார்கள். யாருக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த மாதம் மேடை.

அவர் வந்தது மகள் ஷிஹோவுக்காக. அவளோ, "நீ வந்தா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்ப்பா. வந்தேன்னா பாடுறதையே விட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தாள். வீட்டில் அவள் மெத்தைகளை மடித்து வைக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து பாட்டைப் பதிவு செய்யும்போதெல்லாம், அவர் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, தேநீரைக்கூட விழுங்காமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே சுவரொட்டியில் கண்ணில் பட்ட பெயரைச் சொன்னார்.

"இ... இரும்புக் கெளுத்தி."

அந்தக் குழுவின் பெயரை அதுவரை அந்த வாசலில் எவரும் சொன்னதில்லை; கைக்காசு கட்டித்தான் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். செய்தி மேடைக்குப் பின்னால் பறந்தது. டிரம்ஸ் அடிக்கும் ரியோஜி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்களுக்காகவா மாமா?"

"ஆ... ஆமாம்."

அடுத்த மாதம் அவருக்கு டி-ஷர்ட் காத்திருந்தது. அதற்கடுத்த மாதம் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"மாமா எங்கடா? முன்னாடி வாங்க மாமா!" என்று மேடையிலிருந்தே கத்தினார்கள். கையில் துண்டைக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் சுழற்ற வேண்டியதாயிற்று.

நல்லவேளை, ஷிஹோ முதலில் பாடுவாள், கண்ணை மூடிக்கொண்டு. முடித்ததும் கடை வேலைக்கு ஓடிவிடுவாள்.

"அந்த வயசுல அவரே ஆடுறார்னா ஏதோ இருக்குடா" என்று கெளுத்திக்குக் கூட்டம் சேர்ந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது ஷிஹோ சொன்னாள்: "எனக்காக மாசாமாசம் ஒருத்தர் வராராம்ப்பா. ஒரே ஒருத்தர். யாருன்னு மாக்கி சொல்ல மாட்டேங்கறா. அவரும் வராம நின்னுட்டா, கைக்காசு கட்ட முடியாத எனக்கு மேடை கிடையாதாம்."

ஓனொதெரா கிண்ணத்தைக் கீழே வைத்தார். மிசோ சூப் ஆறிப்போயிற்று.

"நல்ல ரசனைக்காரன்" என்றார் கடைசியில்.

அந்த ஒருவனைத் தேட ஆரம்பித்தார். தனியாக நின்ற கண்ணாடிக்காரப் பையன் ஒருவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்.

"ஷிஹோ பாட்டு எப்படி, தம்பி?"

"யாரு ஷிஹோ? நான் உங்க துண்டு ஆட்டம் பார்க்க வந்தேன் மாமா."

மறுமாதம் படிக்கட்டு முழுக்கக் கெளுத்தி டி-ஷர்ட்டுகள். மாக்கியின் கேள்விக்கு ஒவ்வொருவராகக் கெளுத்தி, கெளுத்தி என்றே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசி ஆள் அவர்தான். அந்த ஒருவன் வரவில்லை.

அவருக்குப் பின்னால், டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ரியோஜி நின்றிருந்தான். மாக்கி டிக்கெட்டை வாங்கினாள்.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

ஓனொதெரா முகக்கவசத்தைக் கழற்றினார். படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஷிஹோவை. அவ என் பொண்ணு!"

"மாமா!" என்றான் ரியோஜி, அடிபட்டவன் போல.

மாக்கி நிமிரவே இல்லை.

"தெரியும் சார். முதல் மாசத்துலேருந்தே உங்களை ஷிஹோ கணக்குலதான் சேர்த்திருக்கேன். கெளுத்தியைப் பார்க்க வந்த யாரும் அவ பாட்டுக்கு அப்படித் தேம்பித் தேம்பி அழமாட்டாங்க."