சித்தூரின் ஜப்பானிய ரசிகர்

தற்கால ஜப்பானியச் சிற்பிகளையும் புகைப்படக்காரர்களையும் ராயலசீமைக்காகக் கண்டுபிடித்த பெருமை, சித்தூர் மாங்கூழ் தொழிற்சாலை அதிபர் ஆதிநாராயணன் ஒருவரையே சாரும். அந்தக் கலைஞர்கள் அதற்கு முன்பும் ஜப்பானில் இருந்தார்கள்தான். அதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பு திருப்பதியில் நிகழ்ந்தது. நிச்சயதார்த்தம் ஒன்றுக்கு மொய்க் கவருடன் போனவர், கதவு மாறிப் பக்கத்து ஹாலுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே மாப்பிள்ளை இல்லை. பாதி இழைத்து, மீதி கரடுமுரடாகவே விடப்பட்ட ஒரு கருங்கல் இருந்தது. சுவரில், கிண்ணத்தில் வைத்த ஒரு பழம் நாளுக்கு நாள் சுருங்கிக் கறுத்து அழுகுவதைக் காட்டும் புகைப்பட வரிசை. எல்லாவற்றின் கீழும் சின்ன அட்டையில் தலைப்பும் படைத்தவர் பெயரும்.

"கல்லு வேலை பாதியில நிக்குதே, மேஸ்திரி ஓடிட்டானா?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

கண்காட்சியை நடத்திய மோகனப்ரியா ஸ்ரீசிட்டியில் ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். "முடிக்காம விடுறதுலயும் அழகு இருக்கு சார். காத்திருக்கிறது, அழுகுறதுகூடக் கலைதான்."

ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷமாகத் தொழிற்சாலையில் தான் செய்துவருவதும் இதைத்தானே! அப்படியோர் அட்டையில் தன் பெயரும் வந்தே ஆக வேண்டும் என்ற ஆசை அங்கேயே பற்றிக்கொண்டது.

சித்தூரில் உடனே "கலைச் சீர்திருத்தம்" அமலானது. தொழிலாளர்களுக்காகப் பாதி எழுப்பி விட்டிருந்த கழிப்பறைச் சுவர், 'முடிவுறாச் சிற்பம்' எனப் பெயர் பெற்றது. விலை இறங்கட்டும் என்று கேட்டுக்கு வெளியே அவர் நிறுத்திவைத்திருந்த மாங்காய் டிராக்டர் வரிசைக்கு 'காத்திருப்பு' என்று நாமகரணம் செய்யப்பட்டது.

அந்த வரிசையில் நகரிப் பக்கத்து விவசாயி கன்னிகாவும் நின்றாள்.

"சார், காயி அழுவிக்கினு கீது. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. இத்த வித்தாத்தான் எங்களுக்கு இந்த வருசம் ஓடும்."

"அவசரப்படாதம்மா. ஜப்பான்ல ஒரு பழம் அழுவுறத ஊரே நின்னு பாக்குது. உங்கிட்ட ஒரு லோடே கீது. நீ குடுத்துவச்சவ."

"பாக்குறாங்க, செரி. துன்றது யாரு சார்?"

"கலைய யாரும் துன்னக் கூடாது. தொடவே கூடாது. கீழ ஒரு அட்டை வைக்கணும், அவ்ளோதான்."

"அட்டைல இன்னா எழுதணும்?"

ஆதிநாராயணன் பூரித்துப்போனார். தலைப்பு, எதனால் ஆனது, படைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். விவசாயிகள் மத்தியில் ரசனை பரவுவதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை, அவர் வருந்தி அழைத்ததன் பேரில், ஜப்பானியப் புகைப்படக்காரப் பெண்மணி ஒருவரை மோகனப்ரியா கூட்டிவந்தாள். கார் கேட்டோடு நின்றுவிட்டது. வழியை அடைத்துக்கொண்டு, ஈ மொய்க்க, அழுகிய தோதாபுரி மாங்காய்க் குவியல். கன்னிகா நல்ல காயை டிராக்டரிலேயே வைத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் கொட்டியிருந்தாள். மற்ற டிராக்டர்காரர்கள் சுற்றிலும் கைகட்டி, வாய்பேசாமல் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கன்னையா, வாரிப் போடுடா" என்று வாட்ச்மேனை விரட்டினார் அதிபர்.

"தொடக் கூடாது சார்," என்றாள் கன்னிகா. "நீங்க சொன்னதுதான்."

பெண்மணி குவியலுக்கு முன் தலைவணங்கிவிட்டு ஏதோ கேட்டார்.

"யார் செஞ்சதுன்னு கேக்குறாங்க" என்றாள் மோகனப்ரியா.

கன்னிகா குவியலில் செருகியிருந்த அட்டையைக் காட்டினாள். மோகனப்ரியா மொழிபெயர்த்தாள். கேமரா முதலில் குவியலையும், பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொரு டிராக்டரையும் எடுக்கத் தொடங்கியது. எடுத்து முடிப்பதற்குள் அதிபரின் அவசர உத்தரவில் கேட் முழுசாகத் திறந்துவிட்டது. கன்னிகாவின் மீதிக் காய்தான் முதலில் உள்ளே போனது, அதுவும் அவள் சொன்ன விலைக்கு.

அடுத்த கண்காட்சியில் அந்தக் குவியலின் படம்தான் நடுச்சுவரில். கூட்டம் விலகவே இல்லை. அதிபரின் ஆசை நிறைவேறிவிட்டது. படத்தின் கீழே கன்னிகாவின் அதே அட்டை, அவள் கையெழுத்திலேயே இருந்தது:

'காத்திருப்பு. எங்கள் வருசத்து விளைச்சலில் பாதியால் ஆனது. படைத்தவர்: ஆதிநாராயணன்.'