அலமாரி நேராகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நான் சொல்லி யாரோ எழுதிய கடிதம் அல்ல, என் சொந்தக் கை எழுதியது. முதியோருக்கான மாலை வகுப்பில் போன வாரம்தான் கடைசி எழுத்து முடிந்தது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கோபம் மட்டும் சற்று இளைத்திருந்தால் நல்லது.

அன்றைக்கு உங்கள் மனைவி, தன் ஆய்வுக்கூடத்துச் சோதனைக்கு என் கண்ணை இரவல் கேட்டாள். வீட்டிலேயே கணினி முன் உட்கார வைத்தாள். திரை முழுக்க வலப்பக்கம் சாய்ந்த கோடுகள். "கண்ணை எடுக்காம பாருங்கப்பா" என்றாள். ஆயுள் முழுவதும் நிலையும் கதவும் மாட்டியவன், கோணலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்! அந்த நேரம் பார்த்து நீங்கள் எனக்காகச் செய்த புத்தக அலமாரியை எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு மாமா?" என்றீர்கள். நிமிர்ந்தேன். இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "கோணல் மாப்பிள்ளை, மேல வலப்பக்கம் தள்ளுங்க" என்றேன். நீங்கள் கழற்றி வேறு துளை போடுவதற்குள் நான் மறுபடி திரையைப் பார்த்தேன், மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி கோணல், மறுபடி துளை, சுவரே சல்லடையாப் போச்சு, உங்க அத்தை வேற "கதவு மாட்டின கண்ணு தப்பாச் சொல்லாது"ன்னு பரிஞ்சு பேசினா, நான் பெருமை தாங்காம "போகப் போகக் கை பழகிடும் மாப்பிள்ளை"ன்னு சொல்லித் தொலைச்சேன், நீங்க சாப்பிடாமலே உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டீங்க.

பிறகுதான் மகள் விளக்கினாள். பின்மண்டையில் பார்வைக்கென்று ஒரு பகுதி இருக்கிறதாம். அங்கே உள்ள செல்கள் கோடுகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிற்கும் கோட்டுக்கு ஒரு கூட்டம், படுத்த கோட்டுக்கு ஒரு கூட்டம், இடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும் கோடுகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் ஒவ்வொரு கூட்டம், விசிறி மடிப்பு போல. வலது சாய்வையே பார்த்ததில் அந்தக் கூட்டம் களைத்துவிட்டது. அதன் குரல் தாழ்ந்ததும் இடது சாய்வுக்காரர்களின் குரல் ஓங்கி, நேரான பலகையும் இடப்பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்ததாம். "முதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டேன். "சொன்னா சோதனை கெட்டுடும்பா"ன்னா. குடும்பம் கெட்டாப் பரவாயில்லை போல!

இப்போது 'ட' எழுதும்போதெல்லாம், நிற்கும் கோட்டுக்காரனும் படுத்த கோட்டுக்காரனும் உள்ளே முறை வைத்து எழுந்திருப்பதை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன்.

ஆகவே குற்றம் என் தலைக்குள்ளே. உங்கள் வேலை நேர். மகள் சண்டை போட ஆளில்லாமல் வாடிப்போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். நான் படிக்கப்போகும் முதல் புத்தகத்தை உங்கள் கையால் அதில் வையுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் என்றும் நிமிர்ந்து நடக்க வாழ்த்தும்,

மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் கோணல் பார்க்கும் என் பழைய ரசமட்டத்தை அலமாரியில் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. நேராக இருந்ததை நாம் இருவரும் பாடுபட்டுக் கோணலாக்கியிருக்கிறோம். 'உங்கள் வேலை நேர்' என்ற வரியை அடிக்க மனம் வரவில்லை, அதை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அதனால் நீங்களே வந்து அலமாரியைச் சரி செய்துவிடுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏணியைப் பிடிக்கிறேன்.